குழு கட்டுகிறவருக்கு ஒரு குழு

செஞ்சி வட்டத்தில் இருக்கிறது தளவானூர். வரலாறு படித்தவர்களுக்கு அது முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் இருக்கும் ஊர். மற்றவர்களுக்கு நெல்லும் மணிலாவும் விளைகிற இன்னொரு விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம். இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒரு பெண் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு மணிலாவைச் செக்கில் ஆட்டி எண்ணெய் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாபத்தில் ஒரு பங்கு உழைக்கும் பெண்களுக்குப் போக வேண்டும், விளைவித்தவருக்கு மார்க்கெட் கமிட்டி விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும், வாங்குகிறவருக்குக் கலப்படம் இல்லாத எண்ணெய் போய்ச்சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. இந்த மூன்று ஆசையும் ஒன்றையொன்று இழுக்கும். எந்த மாதம் எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் அவருடைய தொழில்.

அவர் ஊரில் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. வாராவாரம் கூட்டம் உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு, யார் பிரச்சினை என்றாலும் பேச இடம் உண்டு. அந்தக் குழுக்களைக் கட்டுவதற்கு அவரே அலைந்திருப்பார். ஆனால் ‘இந்த மாதம் கூலி கொடுக்கக் கையில் பணம் இல்லை, என்ன செய்வது?’ என்று அவர் யாரிடம் கேட்பார்? குழுப் பெண்களிடம் சொன்னால் பயந்து விலகுவார்கள். வங்கி மேலாளரிடம் சொன்னால் அடுத்த கடன் வராது. நன்கொடை தந்த கம்பெனியிடம் சொன்னால் அறிக்கை கேட்பார்கள். வீட்டில் சொன்னால் ‘அப்போதே சொன்னோமே’ என்பார்கள். சமூகத் தொழில்முனைவோரின் தனிமை என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது நடைமுறையில் இவ்வளவுதான். அவர் உண்மையைச் சொல்வதற்கு ஒருவர்கூட அவரைச் சுற்றி இருப்பதில்லை.

இதற்கு அமைப்பு ரீதியான காரணம் ஒன்று உண்டு. அரிசி ஆலைக்காரருக்கு ஆலை உரிமையாளர் சங்கம் இருக்கிறது. கடைக்காரருக்கு வணிகர் சங்கம். தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும் ஏதோ ஒரு கூட்டமைப்பு இருக்கும். இந்த எண்ணெய்க்காரப் பெண் எதில் சேருவார்? இந்தியச் சட்டத்தில் ‘சமூகத் தொழில் நிறுவனம்’ என்று தனிப் பதிவு வடிவம் கிடையாது. சிலர் அறக்கட்டளையாகப் பதிகிறார்கள், சிலர் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கமாக, சிலர் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாப நோக்கற்ற கம்பெனியாக, சிலர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக, சிலர் சாதாரணப் பிரைவேட் லிமிடெடாக. இங்கிலாந்தில் 2005இலும் தென்கொரியாவில் 2007இலும் இதற்கெனத் தனிச் சட்ட ஏற்பாடு வந்துவிட்டது. இங்கே வியாபாரிகள் கூட்டத்துக்குப் போனால் ‘என்.ஜி.ஓ. அம்மா’, என்.ஜி.ஓ. கூட்டத்துக்குப் போனால் ‘வியாபாரி’. இரண்டு பக்கமும் வெளியாள்.

தொழில் செய்கிறவர்கள் தங்களுக்குள் தாங்கிக்கொள்வது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்மாவட்ட நாடார் வணிகர்கள் பேட்டைகள் அமைத்தார்கள். வியாபாரத்தில் ஒவ்வொருவரும் மகமை என்ற பொதுநிதிப் பங்கு கொடுத்தார்கள். அந்தப் பணத்தை உறவின்முறை என்ற சாதிச் சங்கம் நிர்வகித்தது. பள்ளிகள் வந்தன. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. இன்று அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி. கடன், தகவல், நம்பிக்கை, தண்டனை நான்கையும் ஒரே அமைப்பு கொடுத்தது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் கொங்கு வேளாளர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

இதை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்த வலை முழுவதும் சாதி நூலில் நெய்யப்பட்டது. திருப்பூரை ஆராய்ந்து அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. உள்ளூர்ச் சமூகத்தாரின் நிறுவனங்கள் அதிக முதலோடு தொடங்கின. வெளியாட்கள் குறைந்த முதலோடு தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் முந்திப் போனார்கள். பணம் திறமையைப் பார்த்துப் போகவில்லை, உறவைப் பார்த்துப் போனது என்பதுதான் இதற்குப் பொருள். செஞ்சிப் பக்கத்தில் சமூகத் தொழில் தொடங்குகிறவர்களில் தலித் பெண்களும் இருப்பார்கள், இருளர்களோடு வேலை செய்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு எந்த உறவின்முறையும் கதவு திறக்காது. பழைய வலையின் ஒழுங்கு வேண்டும், அதன் வேலி வேண்டாம். அதை எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு நான் பார்த்தவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

இன்று இருக்கிற ஏற்பாடுகளைப் பார்ப்போம். சென்னையில் பால் பாசில் 2001இல் தொடங்கிய அமைப்பு பின்னர் வில்க்ரோ என்று பெயர் பெற்றது. சமூகத் தொழில்களை அடைகாக்கும் வேலையை நாட்டில் முதலில் தொடங்கியவர்களில் அதுவும் ஒன்று. இங்கிலாந்தின் அன்லிமிடெட் அமைப்பின் வழியில் மும்பையில் 2007இல் ஒன்றும், பிறகு ஆரோவில்லை இருப்பிடமாகக் கொண்டு அன்லிமிடெட் தமிழ்நாடும் உருவாயின. ஆரோவில் விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் பக்கம் இருப்பதால் செஞ்சிக்காரருக்கு இது பேருந்து தூரம். அரசு தரப்பில் ஸ்டார்ட்அப் டிஎன் இருக்கிறது. உலக வங்கி உதவியோடு தொடங்கிய வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் மதி சிறகுகள் தொழில் மையங்கள் தொழில் திட்டம் எழுதித் தருகின்றன, கடனுக்கு வழி காட்டுகின்றன.

இவை எல்லாம் பயனுள்ளவை. ஆனால் இவை தருவது பெரும்பாலும் வழிகாட்டியையும் மேடையையும்தான். வழிகாட்டி என்பவர் ஏற்கெனவே கரையேறியவர். அவரிடம் நல்ல பிள்ளையாகத்தான் பேசத் தோன்றும். மேடையில் நடுவர்கள் முன்னால் பத்து நிமிடம் பேசும்போது யாரும் கூலி பாக்கியைச் சொல்வதில்லை. கூடப் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்களே என்றால், பயிற்சி முடிந்த ஆறு மாதத்தில் அந்த அணி ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிடும். அப்புறம் காலை வணக்கமும் விருது வாங்கிய படமும்தான். சென்னைக்கும் செஞ்சிக்கும் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒரு நாள் கூட்டத்துக்குப் போய்வந்தால் ஒரு நாள் செக்கு நிற்கும்.

விதிவிலக்காக வாழ்ந்து காட்டுவோம் திட்டத்திலேயே ஒன்று எனக்குப் பிடிக்கும்: சமுதாயப் பண்ணைப் பள்ளி, சமுதாயத் திறன் பள்ளி. ஊரில் நன்றாகச் செய்கிற ஒருவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், வகுப்பு அவர் வயலிலோ பட்டறையிலோ நடக்கிறது. சமமானவரிடம் கற்பது என்ற கருத்தை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு இது சாட்சி. அந்தக் கருத்து நிறுவனம் நடத்துகிறவரின் மேசை வரைக்கும் இன்னும் வரவில்லை.

சமமானவர்கள் கூடினால் உண்மையில் பயன் உண்டா, இல்லை இது நல்லெண்ணப் பேச்சுதானா? கடந்த இருபது ஆண்டுகளில் இதற்குக் கறாரான சோதனைகள் சில நடந்திருக்கின்றன. அகமதாபாத்தில் சேவா வங்கியின் பெண் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி தரப்பட்டது. குலுக்கல் முறையில் சிலரைத் தனியாக அழைத்தார்கள், சிலரை ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றுதான். தோழியோடு வந்தவர்கள் சில மாதங்களில் தொழிலுக்குக் கடன் வாங்கினார்கள், அவர்கள் வீட்டு வருமானம் கூடியது. தனியாக வந்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2016இல் வெளியான இந்த ஆய்வு இன்னொன்றையும் கண்டது: வெளியே போவதற்குக் கட்டுப்பாடு மிகுந்த சமூகங்களைச் சேர்ந்த பெண்களிடம்தான் தோழியின் பலன் அதிகம். செஞ்சிக் கிராமங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு வேறு வேண்டியதில்லை.

சீனாவின் நான்சாங் நகரில் ஜிங் காயும் ஆடம் ஸைட்லும் 2,820 சிறு நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதி மேலாளர்களைப் பத்துப் பேர் அளவில் குழுக்களாக்கி, ஓராண்டு மாதாமாதம் கூடச் செய்தார்கள். குழுவில் இருந்தவர்களின் விற்பனை மற்றவர்களைவிட எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியது. 2018இல் வெளியான அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது விற்பனைக் கணக்கு அல்ல. பயனுள்ள ஒரு தகவலை வேண்டுமென்றே சிலரிடம் மட்டும் சொல்லிவிட்டு, அது குழுவுக்குள் பரவுகிறதா என்று பார்த்தார்கள். போட்டியாளர்கள் இல்லாத குழுவில் நன்றாகப் பரவியது. போட்டியாளர்கள் இருந்த இடத்தில் குறைந்தது. ஆக, எண்ணெய்க்காரர் நான்கு பேர் சேர்ந்த குழுவைவிட எண்ணெய், தையல், மாலைநேர வகுப்பு, குப்பை மேலாண்மை என்று கலந்த குழுவே வாய் திறக்கும்.

யாரோடு சேருகிறோம் என்பதும் முக்கியம். இந்தியாவின் நூறு ஸ்டார்ட்அப் நிறுவனர்களை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஊழியர்களோடு முறையாகக் கூட்டம் நடத்தி, இலக்கு வைத்து, அடிக்கடி கருத்துச் சொல்லி நிர்வகிக்கிற சக நிறுவனரிடம் யோசனை கேட்டவர்களின் நிறுவனம் இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட 28 சதவீதம் பெரிதாக வளர்ந்தது. மூடப்படும் வாய்ப்பும் குறைந்தது. எம்.பி.ஏ. படித்தவர்களுக்கும் ஏற்கெனவே ஊக்குவிப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கும் அந்தப் பலன் இல்லை. படித்திராதவருக்கே சகாவின் யோசனை உதவுகிறது என்று இதை நான் வாசிக்கிறேன். இதற்கு எதிர்த்திசையில் ஒன்று: ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஜோஷ் லெர்னரும் உல்ரிகே மால்மெண்டியரும் செய்த, 2013இல் வெளிவந்த ஆய்வு. வகுப்பில் முன்பு தொழில் நடத்திய சகாக்கள் அதிகம் இருந்தால், படித்து முடித்துத் தொழில் தொடங்குகிறவர்கள் குறைந்தார்கள். குறைந்தது பெரும்பாலும் தோற்கக்கூடிய தொழில்களே. சகா என்பவர் தட்டிக்கொடுப்பதைவிடத் தடுத்து நிறுத்துவதால் அதிகம் உதவுகிறார். கூட்டமைப்புகளின் ஆண்டு விழாக்களில் இதை யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் இதை நடைமுறையில் செய்து காட்டியவர்கள் தங்களை வலைப்பின்னல் என்று அழைத்துக்கொள்ளாதவர்கள். நெல் ஜெயராமன் 2006 முதல் திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பாரம்பரிய நெல் இரண்டு கிலோ இலவசமாகத் தருவார்கள். வாங்கியவர் விளைவித்து அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும். விதையைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் அனுபவத்தையும் கொண்டுவருகிறார்: இந்த ரகம் எங்கள் மண்ணில் சாய்ந்தது, அந்த ரகம் வெள்ளத்தில் நின்றது. 2018இல் அவர் மறையும்போது மீட்கப்பட்ட ரகங்கள் 160ஐத் தாண்டியிருந்தன. இந்த ஏற்பாட்டில் பெறுகிறவர் கொடுக்கிறவராக மாறியே ஆக வேண்டும். அந்த விதி இல்லையென்றால் அது விதை விநியோகத் திட்டமாக முடிந்திருக்கும்.

இன்னொருவர் குத்தம்பாக்கம் இளங்கோ. வேதிப் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு வந்து 1996இல் ஊராட்சித் தலைவரானவர், பதவிக் காலத்திலேயே மற்ற ஊராட்சித் தலைவர்களைச் சேர்த்துப் பயிற்சி தரும் பஞ்சாயத்து அகாடமியைத் தொடங்கினார். பயிற்சி தருவது அதிகாரி அல்ல, அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு தலைவர். பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் கொத்தாகச் சேர்ந்து தங்களுக்குள்ளேயே உற்பத்தி செய்து விற்றுக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய பொருளாதார யோசனைக்கும் இதுதான் அடித்தளம்: தலைவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தால்தான் ஊர்கள் சேரும்.

கடல் தாண்டினால் கொழும்பில் 2012இன் இறுதியில் தொடங்கிய குட் மார்க்கெட். இயற்கை விளைபொருளும் கைவினையும் நியாயமான முறையில் செய்கிறவர்களுக்கான வாரச்சந்தை. கடை போட விண்ணப்பித்தால் தரம் பார்த்தே சேர்ப்பார்கள். வாராவாரம் பக்கத்துப் பக்கத்துக் கடையில் நிற்பவர்களுக்கு வேறு கூட்டம் தனியாக வேண்டியிருக்கவில்லை. பெட்டி எங்கே வாங்குவது, எந்த ஹோட்டல் பணம் பாக்கி வைக்கும் என்பதெல்லாம் கடை கட்டும் நேரத்திலேயே கைமாறும். கூடுவதற்கு ஒரு வியாபாரக் காரணம் இருந்தால் கூட்டம் நிலைக்கிறது.

கூடிய பிறகு என்ன பேசுவது என்பதற்கு ஒரு முறை வேண்டும். இல்லாவிட்டால் பஜ்ஜி, டீ, அரசாங்கத்தைத் திட்டுதல் என்று முடிந்துவிடும். கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆராய்ந்த ரெக் ரெவன்ஸ், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தபோது, சுரங்க மேலாளர்களுக்குப் பேராசிரியர்களைவிடப் பக்கத்துச் சுரங்க மேலாளரே நல்ல ஆசிரியர் என்று வாதிட்டார். 1960களில் அதையே மருத்துவமனைகளில் செய்து பார்த்தார். மைக்கேல் யங் 1997இல் லண்டனில் தொடங்கிய சமூகத் தொழில்முனைவோர் பள்ளி அந்த முறையைத் தன் பாடத்தின் நடுவில் வைத்தது. முறை எளிது. ஐந்து முதல் எட்டுப் பேர். ஒரு நாளைக்கு இரண்டு பேர் தங்கள் பிரச்சினையை வைப்பார்கள். மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. கடைசியில் பிரச்சினை வைத்தவர் அடுத்த கூட்டத்துக்குள் செய்யப்போகும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் அதிலிருந்து தொடங்கும். யோசனை சொல்லாமல் இருப்பது நம் ஊரில் கொஞ்சம் கஷ்டம்தான். பழகினால் வரும்.

செஞ்சிக்காரருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு 1989இல் தருமபுரியில் ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. பின்னர் நாடு முழுவதும் பஞ்ச சூத்திரம் என்று வகுக்கப்பட்டவை: ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, ஒழுங்கான உள்கடன், தவறாத திருப்பிச் செலுத்துதல், சரியான கணக்கு. நிறுவனர்களின் குழுவுக்கு இந்த ஐந்தில் முதலாவதும் கடைசியும் போதும் என்பது என் கருத்து. பணம் வேண்டாம். சிலர் இதை மறுப்பார்கள்; பணம் இல்லாமல் குழு நிலைக்காது என்பார்கள். ஆனால் 2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் நெருக்கடி வெடித்தபோது, உறுப்பினரைத் தாங்க வேண்டிய குழுவே உறுப்பினரின் வாசலில் வசூலுக்கு நின்றதைப் பார்த்தோம். ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டவர்கள் ஒருவரிடம் ஒருவர் உண்மை பேசமாட்டார்கள். அதேபோல, ஒரே கம்பெனியின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதிக்கு இருவர் விண்ணப்பித்திருந்தால் அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ரகசியம் இன்னொரு சிக்கல். சிறிய ஊரில் எல்லோரும் யாருக்கோ உறவு. குழுவில் சொன்னது சந்தையில் கேட்டால் குழு அன்றோடு முடிந்தது. அதனால் ஒரே ஊராட்சியைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் இருக்க வேண்டாம். தளவானூரில் ஒருவர், திண்டிவனத்தில் ஒருவர், வானூர் பக்கம் ஒருவர், திருவண்ணாமலைச் சாலையில் ஒருவர், விழுப்புரத்தில் ஒருவர் என்று இருந்தால் போதும். வானூரைத் தவிர மற்றவை செஞ்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். சாதி கலந்திருக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதி வைப்பது நல்லது. எழுதாவிட்டால் எந்தக் குழுவும் தானாகக் கலக்காது. கணக்குப் புத்தகத்தை ஒருமுறையாவது மற்றவர்கள் முன் திறந்து காட்டியவர்தான் உறுப்பினர் என்பது இரண்டாவது விதி.

நாள் பற்றியும் ஒரு யோசனை. செஞ்சியில் வெள்ளிக்கிழமை வாரச்சந்தை. ஆடு விற்கவும் காய் வாங்கவும் சுற்றுவட்டாரம் முழுவதும் எப்படியும் அன்று ஊருக்கு வரும். கூட்டத்துக்கென்று தனிப் பயணம், தனிச் செலவு, வீட்டில் தனி விளக்கம் தேவைப்படாது. பெண் நிறுவனர்களுக்கு இந்த மூன்றாவதுதான் பெரிய தடை.

இப்போது இதைச் செய்வதற்கு வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் கோட்டைகளோடு செஞ்சிக் கோட்டையும் இடம்பெற்றது. பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. பயணிகள் கூடினால் உணவு, தங்கல், கைவினை, வழிகாட்டல் என்று தொழில் வரும். அந்த வாய்ப்பு வெளியூர் முதலீட்டுக்கு மட்டும் போகுமா, தளவானூர்ப் பெண்களின் எண்ணெய் பாட்டிலுக்கும் ஓர் அலமாரி கிடைக்குமா என்பது உள்ளூர் நிறுவனர்கள் சேர்ந்து பேரம் பேசுவார்களா என்பதைப் பொறுத்தது. தனித்தனியாகப் போனால் கடை வாடகைக்கே கட்டாது.

மாவட்ட நிர்வாகத்திடமும் மகளிர் திட்ட அலுவலகத்திடமும் கேட்க வேண்டியது புதிய திட்டமோ மானியமோ அல்ல. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் செஞ்சியில் ஒரு கூட்ட அறையும் மின்விசிறியும் கொடுத்தால் போதும். அதிகாரி யாரும் உள்ளே உட்கார வேண்டாம். இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு தொழிலை நடத்துகிறவர் நீங்களாக இருந்தால், அறை வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் தொழில் செய்யாத, உங்கள் ஊர்க்காரர் அல்லாத நான்கு நிறுவனர்களின் பெயரை எழுதுங்கள். இந்த மாதம் கூலி கொடுக்க முடியாமல் போனால் அவர்களில் யாரிடம் வெட்கமில்லாமல் சொல்வீர்கள் என்று யோசித்து, முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள்.